ஞாயிற்றுக்கிழமை நண்டுகள்

ராமநாதபுரத்தில் புது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஸ்பைரல் போடும் மிஷின் ஒன்று. நான் படித்தது பத்தாம் வகுப்பு. இங்கிலீஷ் கற்றதெல்லாம் அடுத்தவர்களின் விண்ணப்பங்களை நிரப்பி நிரப்பித்தான். கடைக்கு வருகிறவர்கள் பேசுவதில் ஏதாவது மனசில் ஒட்டிக்கொண்டால், வீணாய்ப்போன தாளின் பின்பக்கத்தில் குறித்து வைப்பேன். ஒரு சான்றிதழுக்காக மூன்று முறை அலைந்த பெரியவர் ஒருத்தர், "நான் பொறந்தத எங்க ஆத்தாகூட இத்தன தடவ நெனச்சுப் பாத்திருக்க மாட்டா" என்றார். அதை எப்படி விடுவது? அப்படிச் சேர்ந்த தாள்கள் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருக்கின்றன. ஆனால் இப்போது நான் எழுதப்போகிற சங்கதியில் யார் என்ன சொன்னார்கள் என்பதை நான் எந்தத் தாளிலும் குறிக்கவில்லை. குறிக்காமலே மனசில் நிற்கிறது.

கடையில் நடக்கும் வேலைகளில் ஒன்று ப்ராஜெக்ட். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், காலேஜ் பிள்ளைகள் எல்லோரும் வருவார்கள். என் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர் இருந்தது. தண்ணீர் மாசு, பிளாஸ்டிக் ஒழிப்பு, சூரிய மின்சாரம், மண்புழு உரம் என்று இருபது முப்பது தலைப்புகள். பிள்ளையின் பெயரையும் பள்ளிக்கூடத்தின் பெயரையும் மாற்றி, பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் போட்டுக் கொடுத்தால் வேலை முடிந்தது. "மேல் அட்டைக்கு என்ன கலர் வேணும்?" என்று கேட்பேன். அந்தப் பிள்ளை தன் ஆராய்ச்சியைப் பற்றி யோசித்துப் பதில் சொல்லும் ஒரே கேள்வி அதுவாகத்தான் இருக்கும். இதில் தப்பிருப்பதாக எனக்கு அப்போது தோன்றியதில்லை. எல்லோரும் கேட்டார்கள், எல்லோருக்கும் கொடுத்தேன்.

பாம்பனிலிருந்து ஒரு பெண் வந்தாள். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அவள் அய்யா சிறு படகில் போய் நண்டு வலை விடுகிறவர். அம்மா கரையில் உட்கார்ந்து, வலையில் சிக்கிய நண்டுகளைக் கால் உடையாமல் எடுத்துக் கொடுக்கிறவர். இவளும் காலையில் அம்மாவோடு உட்கார்ந்து எடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவாள். வெளிமாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகம், படிப்பும் தங்குவதும் சாப்பாடும் இலவசம் என்று யாரோ சொல்லி, போனில் அந்த விண்ணப்பத்தைத் தேடி எடுத்திருந்தாள். அதில் ஒரு கேள்வி இருந்தது. நீங்களாக ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, நீங்களாகத் தேடிப் பார்த்தது ஏதாவது உண்டா, உண்டென்றால் அனுப்புங்கள் என்று.

நான் வழக்கம்போல ஃபோல்டரைத் திறந்தேன். "பாப்பா, எந்தத் தலைப்பு வேணும்னு பாரு."

"எங்கிட்ட இருக்குண்ணே" என்று பையிலிருந்து நீளமான நோட்டு ஒன்றை எடுத்தாள். அட்டையில் மீன் செதில் ஒட்டியிருந்தது.

அந்த நோட்டு பிறந்ததே ஒரு சண்டையில். கரையில் நண்டு எடுக்கும் இரண்டு பெண்கள், அமாவாசைக்குத்தான் சினை நண்டு அதிகம் வரும் என்று ஒருத்தியும், இல்லை பௌர்ணமிக்குத்தான் என்று இன்னொருத்தியும், நாள்கணக்கில் வாதாடியிருக்கிறார்கள். சினை நண்டு என்றால் வயிற்று மடிப்பில் முட்டையைச் சுமந்துகொண்டிருக்கும் பெண் நண்டு. இந்தச் சண்டையைத் தீர்ப்பதற்காக இவள் தினமும் எண்ண ஆரம்பித்தாள். அய்யா வலையில் வந்த நண்டு எத்தனை, அதில் சினை எத்தனை, முட்டை என்ன நிறம். பிளஸ் ஒன் படிக்கும்போது ஆரம்பித்தது, விண்ணப்பத்தைப் பார்ப்பதற்கு ஒரு வருஷம் முன்னால். யாரும் சொல்லிச் செய்ததில்லை.

"கடேசில யாரு ஜெயிச்சா?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேரும் தோத்துட்டாக. நெலாவுக்கும் நண்டுக்கும் சம்பந்தமே இல்ல. அதச் சொன்னதுல ரெண்டு பேரும் சேந்துக்கிட்டு என்னைய ஏசுறாக."

நோட்டில் கட்டம் போட்டிருந்தாள். நிறத்துக்கு மூன்று தலைப்பு. மஞ்சளாக இருந்தால் 'நாள் தள்ளிப்போனவ.' தவிட்டு நிறமானால் 'வளைகாப்புக்காரி.' கறுத்துப்போய் குஞ்சு பொரிக்கும் தறுவாயில் இருந்தால் 'நிறைமாசக்காரி.' கரையில் பெண்கள் நண்டைத் தூக்கிப் பார்த்துச் சொல்லும் வார்த்தைகளை அப்படியே எழுதியிருந்தாள். காற்று பலமாக அடித்து யாரும் போகாத நாள்களில் 'காத்து' என்று இருந்தது. வேறு சில நாள்களில் ஒரு காரணமும் இல்லாமல் வெறும் கோடு மட்டும் கிழித்திருந்தது.

அவளுக்கு மறுநாளிலிருந்து பொதுப்பரீட்சை. "நீங்களே அடிச்சு அனுப்பிருங்கண்ணே. இருக்குறபடி அடிங்க" என்று நோட்டை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். இது கிடைக்காவிட்டால் என்ன செய்வாய் என்று சும்மா கேட்டு வைத்தேன். "நண்டுக் கம்பெனிதான்" என்றாள். நண்டின் ஓட்டை உடைத்துச் சதையை எடுத்து டப்பாவில் அடைக்கும் கம்பெனி. அவள் அக்கா ஏற்கெனவே அங்கேதான் இருந்தாள்.

கடைசித் தேதியன்று மத்தியானம் உட்கார்ந்து அடித்தேன். நிஜமாகவே அந்தப் பிள்ளை ஜெயிக்க வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. அதனால்தான் கை சும்மா இருக்கவில்லை. 'வளைகாப்புக்காரி' என்று அனுப்பினால் படித்தவர்கள் சிரிப்பார்களே என்று நினைத்து, ஸ்டேஜ் ஒன்று, இரண்டு, மூன்று என்று மாற்றினேன். அப்புறம் அந்தக் கோடுகள். பல் விழுந்த வாய் மாதிரி நடுநடுவே தெரிந்தன. பிள்ளை சோம்பல்பட்டு எண்ணாமல் விட்ட நாள்களாக்கும், இது கண்ணில் பட்டால் மார்க்குப் போய்விடுமே என்று, முந்தின நாளையும் அடுத்த நாளையும் பார்த்து, நடுவாக ஒரு எண்ணை ஒவ்வொரு கோட்டிலும் போட்டு நிரப்பினேன். 'காத்து' என்று இருந்ததை மட்டும் தொடவில்லை. காரணம்தான் இருக்கிறதே. கட்டங்கள் நிரம்பியதும் பார்க்க அழகாக இருந்தது. கடல்பச்சை நிறத்தில் ஒரு மேல் பக்கமும் செய்து, அனுப்பிவிட்டு, அவள் போனுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். "அட்டை சூப்பர்ண்ணே" என்று பதில் வந்தது.

ஒரு மாதம் கழித்து, நேரில் பேச வேண்டும், வீடியோவில் வாருங்கள் என்று பல்கலைக்கழகத்திலிருந்து கூப்பிட்டார்கள். பாம்பனில் அவள் வீட்டுப் பக்கம் சிக்னல் விட்டு விட்டு வரும் என்பதால் கடைக்கு வந்தாள். அவள் அம்மாவும் வந்து வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கேமராவுக்குத் தெரியாத பக்கமாகச் சுவரோரம் நின்றேன்.

திரையில் மூன்று பேர் இருந்தார்கள். அதில் ஒரு அம்மாவுக்குத் தமிழ் தெரியும். முதல் கேள்வியே, இந்த ஸ்டேஜ் ஒன்று இரண்டு மூன்று என்பதை எதை வைத்துப் பிரித்தாய் என்று. பிள்ளை நிறத்தைச் சொன்னாள். சொல்லிவிட்டு, "நாங்க ஸ்டேஜுன்னு சொல்ல மாட்டோம் மேடம்" என்று அந்த மூன்று பெயர்களையும் சொன்னாள். அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். மற்ற இருவருக்கும் இங்கிலீஷில் விளக்கிச் சொன்னார், அவர்களும் சிரித்தார்கள். "இதை ஏன் எழுதவில்லை? இதுதானே நன்றாக இருக்கிறது" என்று கேட்டார். பிள்ளை விழித்தாள்.  ஆனாலும் பேச்சு நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பிறகு தமிழ் தெரிந்த அந்த அம்மா கேட்டார். "உன் பட்டியலில் எண்கள் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கின்றன. ஒரு நாள் ஒன்பது, மறுநாள் நாற்பத்தொன்று. கடல் என்றால் அப்படித்தான் இருக்கும். ஆனால் ஏழு நாளைக்கு ஒரு தடவை மட்டும் எண், முந்தின நாளுக்கும் அடுத்த நாளுக்கும் சரி நடுவில் வந்து அமைதியாக உட்கார்ந்துவிடுகிறது. காலண்டரை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை உங்கள் கடலில் என்ன நடக்கிறது?"

பிள்ளை கையில் வைத்திருந்த பிரிண்டைப் புரட்டினாள். விரல் ஒவ்வொரு ஞாயிறாகப் போய் நின்றது. எனக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. பாம்பனில் அவர்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். சனிக்கிழமை வலை விடமாட்டார்கள், ஞாயிறு காலை பூசைக்குப் போவார்கள், அன்றைக்கு இருட்டிய பிறகுதான் மறுபடி வலை. கரையில் ஒரு நண்டுகூட இருக்காது. நான் முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரன். எங்கள் வீட்டில் மிளகாய் விவசாயம். மிளகாய்க்கு ஏது ஞாயிறு, திங்கள்? பழுத்தால் பறிக்க வேண்டியதுதான். கோடு கிழித்த நாள்கள் ஏழாவது ஏழாவதாக வருவதை என் கண் பார்த்தது, புத்தி பார்க்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை எங்க ஊர்ல யாரும் கடலுக்குப் போக மாட்டாங்க மேடம்" என்றாள் பிள்ளை.

"அப்படியென்றால் இந்த எண்கள்?"

"இது நான் எழுதினது இல்ல."

"யார் எழுதியது?"

நான் மூன்றடி தூரத்தில் நிற்கிறேன். ஒரு எட்டு எடுத்து வைத்தால் கேமராவில் தெரிவேன். எடுத்து வைக்கவில்லை. அவள் என் பக்கம் திரும்பவும் இல்லை.

"என் பேரு போட்டுருக்கு மேடம். அனுப்பின பிறகு நான் மேல் அட்டைய மட்டும்தான் பாத்தேன். உள்ள பாக்காதது என் தப்பு."

நன்றி, வேறு கேள்வி இல்லை என்று மூன்று பேரும் சொன்னார்கள். திரை அணைந்தது. வாசலில் இருந்த அவள் அம்மா எழுந்து வந்து, "என்னத்தா, முடிஞ்சிருச்சா? சிரிச்சாகளே, நல்லா இருந்துச்சே" என்றார். பிள்ளை பிரிண்டை மேஜைமேல் வைத்துவிட்டு, "வாம்மா, பஸ் போயிரும்" என்றாள். 

அன்றைக்கே கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதலில் அடித்தது, 'தட்டச்சுப் பிழை காரணமாக' என்று. வசதியான வார்த்தை. பிழை என்றால் விரல் வழுக்கியது மாதிரி. எத்தனை பேருடைய ஆதார் அட்டைக்கும் ரேஷன் அட்டைக்கும் அந்த வார்த்தையை அடித்துக் கொடுத்திருக்கிறேன்! வாசித்துப் பார்த்தபோது, காலியாக இருந்த கட்டத்தை இன்னொரு தடவை நிரப்புகிறேன் என்று தோன்றியது. அழித்தேன். கடிதத்தோடு அசல் நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினால்தான் நம்புவார்கள், அதற்கு அவளைப் பார்த்தே ஆகவேண்டும்.

திங்கட்கிழமை விடியற்காலை முதல் பஸ்ஸில் பாம்பன் போனேன். கரையில் நிழலுக்குப் பழைய பாயைக் கட்டி, அதன் கீழே ஏழெட்டுப் பெண்கள் வலையைப் பரப்பி நண்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் அம்மா என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மற்றவர்களுக்கு விஷயம் முழுக்கத் தெரிந்திருந்தது.

"ஏ, இங்கன பாருங்கடி! ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போன ஆளு வந்துருக்காக" என்றார் ஒரு பெண்.

"தனியாவா போனீக? ஒரு வார்த்த சொல்லிருந்தா எங்க வீட்டுக்காரரையும் அனுப்பிருப்பமே. அந்த மனுசனும் ஞாயித்துக்கிழம சும்மாதான் படுத்துக் கெடக்கு."

"எத்தன நண்டுய்யா பாத்தீரு?"

"அது பூசை வைக்கிற சாமியாருக்குத் தெரியாத நண்டு. எண்ணக்கூடாது."

"சாமியாருக்குத் தெரியாட்டி என்ன, அந்த மேடத்துக்குத் தெரிஞ்சுபோச்சே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவள் மட்டும் தலை நிமிராமல் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு பெரிய நண்டின் காலில் மூன்று சுற்று நூல் சிக்கியிருந்தது. அவசரப்படாமல், இழுக்காமல், ஒவ்வொரு சுற்றாகக் கழற்றினாள். திருப்பிப் பார்த்து, "நிறைமாசம்" என்று சொல்லி ஒதுக்கி வைத்தாள்.

நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கடிதம் எழுதப்போவதைச் சொன்னேன். நான்தான் நிரப்பினேன், அன்றைக்குப் பக்கத்தில் நின்றும் வாய் திறக்கவில்லை, இரண்டையும் எழுதப்போகிறேன் என்றேன்.

"அந்தக் கோட்டுக்குப் பக்கத்துல ஞாயிறுன்னு ஒரு வார்த்த எழுதிருக்கலாமே பாப்பா" என்றும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

அப்போதுதான் நிமிர்ந்தாள். "ஞாயித்துக்கிழமைக்கு யாராச்சும் காரணம் எழுதுவாகளாண்ணே? தெரியலன்னா ஒரு போன் பண்ணிக் கேட்டுருக்கலாம்ல?"

 சினந்து பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கேள்வியாகக் கேட்டாள்.

"மன்னிச்சுரு ஆத்தா" என்றேன்.

"மன்னிச்சிட்டேன்னு இப்பச் சொன்னா அது பொய்யாப் போயிரும். கோவம் இருக்கு. நீங்க லெட்டர எழுதுங்க. நோட்டு பைக்குள்ள இருக்கு, என் கை ஈரம், நீங்களே எடுத்துக்கங்க."

பக்கம் பக்கமாகப் படமெடுத்தேன். அடிக்கிற அவசரத்தில் கவனிக்காத எத்தனையோ அதில் இருந்தன. ஒரு நாள் எழுதிய எண்ணைக் குறுக்கே அடித்துவிட்டு, 'மறுபடி எண்ணினேன், முதல்ல தப்பு' என்று எழுதியிருந்தாள். இன்னொரு நாள், 'அய்யாவுக்குக் காய்ச்சல், பெரியப்பா வலை, சேக்கலாமா கூடாதா?' என்று கேள்விக்குறியோடு நிறுத்தியிருந்தாள். என் ஃபோல்டரில் இருந்த இருபது முப்பது ப்ராஜெக்டுகளில் ஒன்றிலாவது 'முதல்ல தப்பு' என்று ஒரு வரி இருந்திருக்குமா? நான் அறிய இல்லை. அவற்றை வாங்கிப்போன பிள்ளைகளுக்கு அதில் தப்பு செய்யக்கூட வாய்ப்பில்லை.

கடிதத்தைத் தமிழிலேயே எழுதினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் விண்ணப்பத்துக்குப் போதும், இதற்குப் போதாது. கையால் எழுதி, கையெழுத்துப் போட்டு, நோட்டுப் பக்கங்களோடு அனுப்பினேன். அந்தப் பிள்ளை என்னைக் காட்டிக்கொடுக்காமல் தன் தப்பு என்று சொன்னதையும் எழுதினேன்.

பதில் வர மூன்று வாரம் ஆனது. கடிதத்துக்கு நன்றி, நோட்டுப் பக்கங்களை ஆர்வத்தோடு பார்த்தோம், ஆனால் மாற்றப்பட்ட பட்டியலை வைத்து இந்த ஆண்டு முடிவெடுக்க இயலாது, தேர்வும் முடிந்துவிட்டது, அவர் விரும்பினால் அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிக்கலாம். நாலே வரி. அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு மறுபடியும் பாம்பன் போனேன். அவள் வாசித்தாள், மடித்து நோட்டுக்குள் வைத்தாள். "அடுத்த வருசம்னா, இந்த வருசமும் எண்ணணும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அவள் அம்மாதான் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒரு வருசம்ங்கிறது ஒரு பொம்பளப் பிள்ளைக்கு எம்புட்டுன்னு ஒமக்குத் தெரியுமாய்யா?" என்றார். அடுத்த வாரத்திலிருந்து பிள்ளை நண்டுக் கம்பெனிக்குப் போனாள். காலையில் கரையில் எண்ணுவாள், அப்புறம் கம்பெனி வண்டி.

அந்த ஃபோல்டரை உடனே அழித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். அழிக்கவில்லை. இன்னொரு பரீட்சைப் பருவம் வரை வைத்திருந்தேன். கீழக்கரைப் பையன் ஒருவனின் வாப்பா துபாயிலிருந்து போன் பண்ணி, "யுனிவர்சிட்டிக்கு நல்லா ஸ்ட்ராங்கா ஒரு ஆராய்ச்சி போட்டுக் கொடுங்க தம்பி, மவன் பேரு மட்டும் சரியா வரணும்" என்றார். அவர் என்ன செய்வார், பிள்ளை முன்னுக்கு வர வேண்டும் என்ற தவிப்பு. நானும் அதே தவிப்பில்தானே கோடுகளை நிரப்பினேன். "உங்க மகனுக்கு எதப் பத்தியாவது சந்தேகம் இருக்கான்னு கேளுங்க" என்றேன். "சந்தேகமா? அவனுக்கு எல்லாம் தெளிவாத்தான் தெரியும்" என்றார் பெருமையாக. அன்றைக்குச் சாயங்காலம்தான் அழித்தேன். பக்கத்துக் கடையில் இன்றும் கிடைக்கிறது. அந்தப் பையனும் அங்கே வாங்கியிருக்கலாம்.

மறு வருஷம் விண்ணப்ப நாள்கள் வந்தன. ஒரு கம்ப்யூட்டரைத் துடைத்து, அவள் வந்தால் தானே உட்கார்ந்து அடிக்கட்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ராமேஸ்வரத்தில் வேறு ஏதோ கடையில் அடித்து அனுப்பியிருக்கிறாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதில் என்ன எழுதினாள், எந்தப் பெயர்களைப் போட்டாள், எனக்குத் தெரியாது. அதைக் கேட்கும் உரிமையும் எனக்கில்லை.

சித்திரை வெயிலில் ஒருநாள் அவள் அம்மா கடைக்கு வந்தார், சான்றிதழ்களை ஜெராக்ஸ் எடுக்க. தனியாகத்தான் வந்திருந்தார். ஒவ்வொன்றிலும் நாலு பிரதி கேட்டார். எடுத்துக்கொண்டே, "எதுக்கும்மா இத்தன?" என்றேன்.

"அந்தப் பள்ளிக்கூடத்துல சேத்துக்கிட்டாக. அடுத்த மாசம் போறா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த சான்றிதழை வைத்தபடியே, வீடியோவில் என்ன கேட்டார்களாம் என்று கேட்டேன்.

"அதையேன் கேக்குறீரு. போன வருசத்தவிட இந்த வருசம் சினை நண்டு கொறைஞ்சிருக்கே, ஏன்னு கேட்டாகளாம். இவ, தெரியாது மேடம்னு சொல்லிருக்கா. ரெண்டு வருசமா எண்ணியும் தெரியாதான்னு கேட்டாகளாம். எண்ணுனதுனாலதான் தெரியாதுன்னு தெரியுது மேடம்னாளாம்." தாள்களை அடுக்கி வாங்கிப் பைக்குள் வைத்தார். வாசல்படியில் நின்று, அன்றைக்குத்தான் முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தார். "தெரியாதுன்னு சொன்ன பிள்ளையப் போயி எடுத்துருக்காகளே, அது என்ன பள்ளிக்கூடமோ ஏதோ!"